தண்ணீர் பாய்ச்சத் தெரியும் என்று நினைத்திருந்தேன்

சொட்டுநீர் போட்ட இரண்டாம் வருடம். தக்காளி காய்ப்புக்கு வந்திருந்த நேரம். வயலின் கடைசிப் பக்கத்துச் செடிகள் மதியமானால் துவண்டு நின்றன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து, தினமும் இரண்டு மணி நேரம் ஓட்டிய மோட்டாரை மூன்று மணி நேரமாக்கினேன். நான்கைந்து நாளில் கடைசிச் செடிகள் கொஞ்சம் தேறின. ஆனால் வால்வுக்குப் பக்கத்துச் செடிகளில் அடியிலைகள் மஞ்சளாகத் தொடங்கின. சத்துக் குறைவாக இருக்கும் என்று உரம் கரைத்து விட்டேன். மஞ்சள் மேலே ஏறியதுதான் மிச்சம்.

அப்பா காலத்திலிருந்து எங்கள் வயலுக்குத் தண்ணீர் கட்டிய பெரியவர் ஒருவர் உண்டு. குழாய் வந்த பிறகு அவருக்கு மடை திருப்பும் வேலை இல்லை. களை, அறுப்பு என்று வந்துபோவார். நான் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டு, "தம்பி, மேல பாத்தா என்ன தெரியும்? அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு நோண்டிப் பாருங்க" என்றார்.

நோண்டினோம். வால்வு ஓரத்தில் ஒரு முழ ஆழத்தில் மண் கூழாக இருந்தது. எங்களுடையது மணல் கலந்த செம்மண்தான், ஆனால் ஒரு முழத்துக்குக் கீழே களிப்படிவம் ஓடுகிறது. இறங்கிய தண்ணீர் அங்கே தங்கி, வேர் பழுப்பேறி, அழுகல் வாடை அடித்தது. கடைசிப் பக்கத்தில் மேலே நான்கு விரல் கனத்துக்கு நல்ல ஈரம். அதற்குக் கீழே கடப்பாரை பட்டதும் புழுதி பறந்தது. மேலிருந்து பார்த்தால் இரண்டு இடமும் ஒன்றுதான்: குழாயில் தண்ணீர் சொட்டும் டிரிப்பருக்கு அடியில் ஒரு சாண் வட்டம் நனைந்திருந்தது. நான் தினமும் காலையில் பார்த்துத் திருப்திப்பட்டது அந்த வட்டத்தைத்தான்.

வாய்க்கால் பாசனத்தில் வளர்ந்தவன் நான். பாத்தி நிரம்பினால் மடையை மாற்று, அவ்வளவுதான் பாடம். அந்த முறையில் தண்ணீர் விரயமாகும் என்பது உண்மை. ஆனால் எப்போது நிறுத்த வேண்டும் என்று பாத்தியே சொல்லிவிடும். சொட்டுநீரில் எதுவும் நிரம்புவதில்லை. நிறுத்தச் சொல்ல வயலில் ஆளில்லை. குழாய் பதித்துக் கொடுத்தவர்கள் "தினமும் ரெண்டு மணி நேரம் விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். என்ன பயிர், என்ன மண், எத்தனை நாள் செடி என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் கேட்கத் தெரியாமல், நாற்று நட்ட நாளிலிருந்து அதே இரண்டு மணி நேரத்தை வேதவாக்காக வைத்திருந்தேன்.

சொட்டுநீரின் பிறப்புக் கதையிலேயே இந்தப் பாடம் இருக்கிறது என்பது பிறகு படிக்கும்போது தெரிந்தது. 1930களில் சிம்கா பிளாஸ் என்ற நீர்ப்பொறியாளர், யாரும் தண்ணீர் விடாமலே ஒரு மரம் மட்டும் மற்றவற்றைவிட ஓங்கி வளர்ந்திருப்பதைப் பார்த்தாராம். பக்கத்தில் ஒரு குழாய் இணைப்பு கசிந்துகொண்டிருந்தது. மேலே நனைந்திருந்தது சிறு வட்டம்; தோண்டினால் கீழே வெங்காய வடிவில் பெரிதாக ஈரம் பரவியிருந்தது என்பார்கள். அவர் தோண்டிப் பார்த்ததில் ஒரு தொழில்நுட்பமே பிறந்தது. 1965இல் ஹட்செரிம் என்ற இஸ்ரேலியக் கூட்டுப்பண்ணையோடு சேர்ந்து அவர் தொடங்கிய நிறுவனம்தான் நெட்டாஃபிம். நான் அந்தத் தொழில்நுட்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு தோண்டாமல் இருந்தேன்.

அந்த வெங்காயத்தின் வடிவம் மண்ணுக்கு மண் மாறும். மணற்பாங்கான மண்ணில் தண்ணீர் பக்கவாட்டில் அதிகம் போகாது, கேரட் மாதிரி ஒல்லியாகக் கீழே இறங்கும். களிமண்ணில் அகலமாகப் பரவும், ஆழம் குறைவு. ஆகவே மணல் மண்ணில் டிரிப்பர்கள் நெருக்கமாக இருக்க வேண்டும். ஒரே மூச்சில் நீண்ட நேரம் விடக் கூடாது. பக்கத்து வயல்காரர் இரண்டடிக்கு ஒன்று வைத்திருக்கிறார் என்று நாமும் வைப்பதில் அர்த்தமில்லை, அவர் மண் களியாக இருந்தால்.

சரி, குழி தோண்டியதில் நோய் தெரிந்தது. காரணம் தெரிய டப்பாக்கள் தேவைப்பட்டன.

ஒரு காலையில் ஒரே அளவான பதினாறு பிளாஸ்டிக் டப்பாக்களை எடுத்துக்கொண்டு போனேன். வயலில் நான்கு வரிசைகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு வரிசையிலும் தொடக்கம், மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு பங்கு, கடைசி என்று நான்கு டிரிப்பர்களுக்கு அடியில் மண்ணை லேசாக வழித்து டப்பாவைப் பதித்தேன். குழாயில் காற்றெல்லாம் போய் அழுத்தம் நிலைக்கும் வரை பொறுத்திருந்து, சரியாக 15 நிமிடம். பிறகு அளவுக் குவளையில் ஊற்றி எழுதினேன். மணிக்கு 2 லிட்டர் டிரிப்பர் என்றால் 15 நிமிடத்தில் 500 மில்லி வர வேண்டும். வால்வுப் பக்கம் 550 வந்தது. கடைசியில் 310, சிலவற்றில் அதற்கும் கீழே, ஒன்றில் 200 கூட இல்லை.

இந்தக் கணக்கைப் பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. குறைவாக வந்த கால்வாசி டப்பாக்களின் சராசரியை, எல்லா டப்பாக்களின் சராசரியால் வகுப்பது. எனக்குக் குறைந்த நான்கின் சராசரி 270 மில்லி, மொத்தச் சராசரி 430. அதாவது 63 சதவீதம். 90க்கு மேல் இருந்தால் நல்ல வயல், 80க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும் என்பார்கள். என்னுடையது கவனிக்க வேண்டிய எல்லையை எப்போதோ தாண்டியிருந்தது. தண்ணீர் பற்றாக்குறை என்று நான் நினைத்தது முழுக்கப் பற்றாக்குறை இல்லை. பங்கீட்டுக் கோளாறு. கடைசிச் செடிக்காக நேரத்தைக் கூட்டினால் முதல் செடி மூழ்கும், முதல் செடிக்காகக் குறைத்தால் கடைசி காயும். எந்த நேரம் வைத்தாலும் தப்புதான்.

பிரஷர் கேஜை வால்வில் வைத்துப் பார்த்தால் சதுர சென்டிமீட்டருக்கு 1.2 கிலோ, குழாயின் கடைசியில் 0.4 கிலோ. சாதாரண டிரிப்பரில் அழுத்தம் பாதியானால் வரத்து பாதியாகாது. அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே மாறும். பாதி அழுத்தத்தில் 71 சதவீதம் வரும். மணிக்கு 2 லிட்டர் என்பது 1 கிலோ அழுத்தத்துக்கான அளவு. 0.4 கிலோவில் அதில் 63 சதவீதம், அதாவது மணிக்குக் கிட்டத்தட்ட 1.26 லிட்டர். டப்பாவில் வந்த 310 மில்லியோடு இது கிட்டத்தட்டப் பொருந்தியது. அடைப்பு கொஞ்சம் இருந்தது. ஆனால் முக்கியக் குற்றவாளி குழாயின் நீளம். 12 மில்லிமீட்டர் குழாயை ஒரே ஓட்டமாக 90 மீட்டர் இழுத்திருந்தார்கள். அரை மீட்டருக்கு ஒரு டிரிப்பர் என்று ஒரு குழாயில் 180 டிரிப்பர்கள். அந்த மெல்லிய குழாய் அவ்வளவு தண்ணீரைத் தாங்காது.

16 மில்லிமீட்டர் குழாயாக மாற்றலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். யோசித்துப் பார்த்ததில் அதைவிட எளிய வழி இருந்தது. வரிசைக் குழாய்களுக்குத் தண்ணீர் பிரித்துவிடும் சப்மெயின் வயலின் ஓரத்தில் கிடந்தது. அதைத் தோண்டி எடுத்து நடுவில் போட்டேன். இப்போது தண்ணீர் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் 45 மீட்டர்தான் போக வேண்டும். நீளம் பாதி, குழாய்க்குள் ஓடும் அளவும் பாதி. இரண்டும் சேர்ந்து குறையும்போது உராய்வு இழப்பு பாதியாகக் குறைவதில்லை, கிட்டத்தட்ட ஏழில் ஒரு பங்காகிவிடுகிறது. 0.8 கிலோ இழந்த இடத்தில் 0.1 கிலோ சொச்சம்தான் இழப்பு. மறுபடி டப்பா வைத்தேன்: 92 சதவீதம். ஒரு நாள் மண்வெட்டி வேலை. புதிதாகக் குழாய் பதிக்கிறவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது பதிக்கும் முன்பே கேளுங்கள்: கடைசி டிரிப்பரில் என்ன அழுத்தம் இருக்கும்? பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

அடைப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அடைபட்ட டிரிப்பரைப் பிய்த்துப் பார்த்தால் என்ன அடைப்பு என்று தெரியும். வழுவழுவென்று பச்சை, பழுப்பாக இருந்தால் பாசியும் பாக்டீரியாவும். வெள்ளையாகச் சொரசொரத்து, ஒரு துளி அமிலம் பட்டதும் நுரைத்தால் சுண்ணாம்பு. செங்கல் நிறம் இரும்பு. திறந்த கிணறு என்பதால் எனக்கு முதல் வகை அதிகம். வடிகட்டிக்கு முன்னும் பின்னும் ஒரு கேஜ் வைத்து, வித்தியாசம் 0.5 கிலோவைத் தொட்டால் கழுவிவிடுவேன். குழாய்க் கடைசி மூடிகளைப் பத்து நாளுக்கு ஒரு முறை நாலைந்தாகத் திறந்துவிட்டு, கலங்கல் போய்த் தெளிவாக வரும் வரை ஓட்டுவேன். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் திறந்தால் வேகம் இருக்காது, அழுக்கு உள்ளேயே உட்கார்ந்துவிடும். சுண்ணாம்புக்கு அமிலம் விடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது: தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. பாசிக்குக் குளோரின் விடுவது தனி நாளில். இரண்டையும் கலந்தால் வருவது நச்சு வாயு.

பங்கீடு சரியானது. அப்புறம்தான் 'எவ்வளவு' என்ற கேள்விக்கு வந்தேன்.

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். ஒரு ஏக்கருக்கு 4,047 லிட்டர். இந்த ஒரு சமன்பாடு மனதில் பதிந்தால் மீதியெல்லாம் பெருக்கல் வகுத்தல்தான். வெயில் நாளில் முழுக்கப் புல் மூடிய நிலத்திலிருந்து 5 முதல் 6 மில்லிமீட்டர் வரை ஆவியாகிப் போகும். ஒவ்வொரு பயிரும் அதன் வயதுக்கேற்ப இதில் ஒரு பங்கைக் கேட்கும். தக்காளிக்கு நட்ட புதிதில் 0.6, காய்ப்பு உச்சத்தில் 1.15 என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பின் 1998ஆம் ஆண்டு அட்டவணை சொல்கிறது.

என் வயலுக்குப் பொருத்திப் பார்த்தேன். வரிசைக்கு வரிசை 1.5 மீட்டர், டிரிப்பருக்கு டிரிப்பர் 0.5 மீட்டர். ஒரு டிரிப்பரின் பொறுப்பு 0.75 சதுர மீட்டர். மணிக்கு 2 லிட்டர் என்றால், அது மணிக்கு 2.67 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். காய்ப்பு உச்சத்தில் 5.5ஐ 1.15ஆல் பெருக்கினால் நாளைக்கு 6.3 மில்லிமீட்டர். சொட்டுநீரிலும் பத்தில் ஒரு பங்கு வீணாகும் என்று கொண்டால், தேவை சுமார் 2 மணி 38 நிமிடம். நட்ட முதல் மாதம் இதே கணக்கில் 1 மணி 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். உண்மையில் அதற்கும் குறைவாகவே போதும், ஏனென்றால் நிலத்தின் பெரும்பகுதி காய்ந்து கிடக்கிறது.

அதாவது, "தினமும் ரெண்டு மணி நேரம்" என்ற அந்த வாக்கு முதல் மாதம் அதிகம், காய்ப்பில் குறைவு. ஒரு பருவத்தில் சில நாள் மட்டும் தற்செயலாகச் சரியாக இருந்திருக்கும்.

முதல் மாதம் அதிகமாக விட்டதில் இன்னொரு கெடுதல். மேலேயே ஈரம் இருந்தால் வேருக்குக் கீழே போக அவசியமில்லை. சோம்பேறி வேர். நாற்று வேர் பிடித்த பிறகு ஓரிரு நாள் தாகம் காட்டி விடுவது நல்லது. நிலத்தைக் காயவிட்டுப் பிறகு பாய்ச்சுவதை "காய்ச்சலும் பாய்ச்சலும்" என்று பெரியவர் சொல்வார். அதை நான் நெல்லுக்கு மட்டும் உரியதென்று நினைத்திருந்தேன்.

நெல்லில் அதைச் செய்பவர் என் பெரியப்பா மகன். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய முறை: 30 சென்டிமீட்டர் நீளக் குழாயில் சுற்றிலும் துளையிட்டு, பாதியை வயலில் புதைத்து, உள்ளே இருக்கும் சேற்றை வழித்தெடுக்க வேண்டும். நிலத்துக்கு மேல் தண்ணீர் வற்றியதும் பாய்ச்சக் கூடாது. குழாய்க்குள் தண்ணீர் மண் மட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதும். பூக்கும் சமயம் மட்டும் தண்ணீர் நிற்க வேண்டும். "அண்ணா, வயல் வெடிக்கிற மாதிரி இருக்கே, பயமா இல்லையா?" என்று கேட்டேன். "மேல வெடிச்சா என்ன, குழாய்க்குள்ள எட்டிப் பாரு" என்றார். பளபளவென்று தண்ணீர் தெரிந்தது.

எனக்கு அந்தக் குழாய்க்குப் பதில் டென்சியோமீட்டர். நுண்துளைப் பீங்கான் முனை வைத்த, தண்ணீர் நிரப்பிய குழாய் அது. மண் தண்ணீரை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது, அதாவது வேர் எவ்வளவு பலமாக உறிஞ்ச வேண்டியிருக்கும் என்பதைச் சென்டிபாரில் காட்டும். ஒன்றை 20 சென்டிமீட்டரிலும் ஒன்றை 45லும் வைத்தேன். மேலே உள்ளது 25, 30 காட்டும்போது மோட்டார் போடுகிறேன். அதைவிட முக்கியம் கீழே உள்ளது. அது எப்போதும் 10க்குக் கீழேயே நின்றால், வேரைத் தாண்டித் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். 80ஐ நெருங்கினால் உள்ளே காற்று புகுந்து கருவி வேலை செய்யாது, தண்ணீர் நிரப்ப வேண்டும். கருவி இல்லாதவர்களுக்குக் கை போதும். வேர் ஆழத்து மண்ணை எடுத்து உருட்டிப் பாருங்கள். உருண்டை பிடித்து, லேசாகத் தட்டியதும் உடைந்தால் பதம். உருட்டவே வராமல் உதிர்ந்தால் தாமதமாகிவிட்டது. விரலிடுக்கில் சேறு பிதுங்கினால் இன்று பாய்ச்ச வேண்டாம். ஒரே வேலை: மண்ணை மேலிருந்து எடுக்காமல் வேர் இருக்கும் ஆழத்திலிருந்து எடுப்பது.

மூன்று நாள் மோட்டார் பழுதாகிக் கிடந்தது ஒரு முறை. சரியானதும், விட்டதையெல்லாம் சேர்த்து ஒரே நாளில் ஏழு மணி நேரம் விட்டேன். மண் ஒரு பாத்திரம் என்பதை மறந்த நேரம் அது. மணல் மண் ஒரு மீட்டர் ஆழத்துக்கு 50 முதல் 110 மில்லிமீட்டர் வரை பயிருக்குக் கிடைக்கும் தண்ணீரைப் பிடித்து வைக்கும். மணலும் வண்டலும் களியும் கலந்த இருபொறை மண் 130 முதல் 180 வரை. என் மண்ணுக்கு 100 என்று வைத்துக்கொண்டால், 40 சென்டிமீட்டர் வேர் ஆழத்துக்கு 40 மில்லிமீட்டர். அதிலும் தக்காளி பத்தில் நான்கு பங்கு தீர்வதற்குள் அடுத்த தண்ணீரை எதிர்பார்க்கும். ஆக 16 மில்லிமீட்டர். சொட்டுநீர் நனைப்பது நிலத்தில் பாதியைத்தான் என்பதால் கையிருப்பு 8. ஒரு நாள் செலவுக்குச் சற்று மேலே. நான் ஊற்றியதோ 18க்கு மேல். ஏற்கெனவே வற்றியிருந்த அளவை நிரப்பியது போக மீதி களிப்படிவத்தில் போய்த் தேங்கியது. கரைத்து விட்டிருந்த தழைச்சத்தையும் கூட்டிக்கொண்டு போயிருக்கும். பிறகு மோட்டார் கெட்டால், சரியான அன்று காலையும் மாலையுமாகப் பிரித்து, அடுத்த இரண்டு மூன்று நாளில் ஈடுகட்டுகிறேன்.

உரம் விடுவதும் இதே தர்க்கம்தான். தொடக்கக் கால் பகுதி நேரம் வெறும் தண்ணீர், நடுவில் உரம், கடைசியில் குழாய் கழுவ மட்டும் வெறும் தண்ணீர். தொடக்கத்திலேயே உரத்தை விட்டுவிட்டு இரண்டு மணி நேரம் ஓட்டினால், உரம் வேருக்குக் கீழே போய்விடும்.

உப்பு விஷயத்தில் ஒரு பருவத்தையே தொலைத்தேன். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று காட்டும் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 1.5 டெசிசீமன்ஸ். ரொம்ப மோசமில்லை, நல்லதும் இல்லை. சொட்டுநீரில் தண்ணீர் டிரிப்பரிலிருந்து வெளிப்பக்கமாக நகரும்போது உப்பையும் தள்ளிக்கொண்டு போய் ஈர வட்டத்தின் விளிம்பில் விடுகிறது. அங்கே வெள்ளையாகப் பூத்திருந்ததை நான் பார்த்தேன், பொருட்படுத்தவில்லை. ஒரு நாள் லேசான மழை பெய்தது. மழைதான் பெய்கிறதே என்று மோட்டாரை நிறுத்தினேன். விளிம்பில் கிடந்த உப்பெல்லாம் அந்தச் சிறு மழையில் கரைந்து நேராக வேருக்கு இறங்கியது. மூன்றாம் நாள் இலை நுனிகள் கருகின. நல்ல மழையானால் உப்பு வேரைத் தாண்டிப் போயிருக்கும், தூறல்தான் ஆபத்து. இப்போதெல்லாம் வறண்ட நாட்களுக்குப் பிறகு முதல் தூறல் விழுந்தால், பார்க்கிறவர்கள் சிரித்தாலும் சரி, மோட்டாரைப் போட்டுவிடுகிறேன். தண்ணீர் உள்ளிருந்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தால் உப்பு உள்ளே வராது.

தக்காளி எடுத்த நிலத்தில் வெங்காயம் போட்டபோது அடுத்த அடி. தக்காளி மண்ணில் 2.5 டெசிசீமன்ஸ் வரை விளைச்சல் குறையாமல் தாங்கும். வெங்காயத்துக்கு எல்லை 1.2. உப்பைக் கழுவி இறக்கக் கூடுதலாக எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதற்கு ஒரு வாய்பாடு உண்டு. அதில் போட்டால், என் தண்ணீருக்குத் தக்காளி கேட்பது 14 சதவீதம், வெங்காயம் கேட்பது 33. மூன்றில் ஒரு பங்கு தண்ணீரைக் கழுவவே செலவழிக்கும் அளவுக்குக் கிணறு இல்லை. வெங்காயத்தை விட்டுவிட்டேன். தண்ணீரின் அளவைப் பார்த்துப் பயிரைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் அதன் உப்பைப் பார்ப்பதில்லை. தண்ணீர்ப் பரிசோதனை, பயிரை முடிவுசெய்வதற்கு முன் செய்ய வேண்டிய வேலை.

கருவிகளில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் வாட்டர் மீட்டர் வாங்குங்கள் என்பேன், டென்சியோமீட்டருக்கும் முன்னால். என் ஏக்கரில் 5,400 டிரிப்பர்கள். மணிக்கு 10,800 லிட்டர் ஓட வேண்டும். மீட்டர் 9,500 காட்டினால் எங்கோ அடைப்பு. 12,000 காட்டினால் எலி கடித்திருக்கிறது, அல்லது மண்வெட்டி பட்டிருக்கிறது. வயலைச் சுற்றி நடக்காமலே தெரிந்துவிடும்.

மீட்டர் வைத்த பிறகுதான் கிணற்றுக் கணக்கும் புரிந்தது. இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கம்.

சொட்டுநீரில் மிச்சமான தண்ணீரை என்ன செய்தேன்? பக்கத்தில் சும்மா கிடந்த அரை ஏக்கருக்கும் குழாயை நீட்டினேன். மிச்சமாகிறதே, விடுவானேன்? இரண்டு வருடம் நன்றாக ஓடியது. மூன்றாம் வருடம், வழக்கத்துக்கு ஒரு மாதம் முன்பே கிணறு தட்டியது. வாய்க்கால் பாசனம் செய்த காலத்தில்கூட இப்படி ஆனதில்லை. சேமிப்பு முறைக்கு மாறிய பிறகு எப்படி வற்றும்?

வாய்க்காலில் வீணாகிறது என்று நாம் சொல்லும் தண்ணீரில் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கி மறுபடி ஊற்றுக்கே வந்துகொண்டிருந்தது. களிப்படிவம் வயல் முழுக்க இல்லை. வாய்க்கால் ஓடிய பக்கம் மண் ஆழமாக நீரை விடும். சொட்டுநீரில் அந்தத் திரும்பும் தண்ணீர் நின்றுவிட்டது. மிச்சமானதையும் அரை ஏக்கர் பயிர் இலை வழியாகக் காற்றில் விட்டுவிட்டது. ஏக்கருக்குக் கணக்குப் பார்த்தால் சேமிப்பு. கிணற்றுக்குக் கணக்குப் பார்த்தால் கூடுதல் செலவு. தண்ணீர் வயலுக்குள் எங்கே போகிறது என்று குழி தோண்டிக் கற்றவன், வயலுக்கு வெளியே எங்கே போகிறது என்று கேட்கவே இல்லை.

அந்தக் கோடையில் கிணற்றை அளந்தேன். அரை மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்ட கயிறு, முனையில் ஒரு கல். காலையில் மோட்டார் நிறுத்தியதும் ஒரு முறை, மறுநாள் காலை போடுவதற்கு முன் ஒரு முறை. இடையில் ஏறியது 1.1 மீட்டர். கிணற்றின் குறுக்களவு 6 மீட்டர், பரப்பு 28 சதுர மீட்டர். ஒரு நாளில் ஊறுவது சுமார் 31,000 லிட்டர். மோட்டார் ஓடும் நேரத்து ஊற்றைச் சேர்த்தால் கொஞ்சம் கூடும். காய்ப்பில் நிற்கும் ஒரு ஏக்கர் தக்காளி கேட்பது 28,000 லிட்டர். ஒன்றரை ஏக்கர் கேட்பது 42,000. மீதி 11,000 லிட்டரை நாள்தோறும் கிணற்றின் கையிருப்பிலிருந்து உருவிக்கொண்டிருந்தேன். இது தெரிய இரண்டு நாள் கயிறு போட்டால் போதுமாக இருந்தது.

அரை ஏக்கர் குழாயைச் சுருட்டி மோட்டார் அறையில் மாட்டிவிட்டேன். அங்கே இப்போது மழையை நம்பிப் பயறு. மழைக்காலத்தில் அந்த நிலத்தின் சரிவில் ஓடும் தண்ணீரை வரப்பு கட்டி மறித்து, கிணற்றுக்கு மேற்புறம் ஒரு குழியில் இறக்குகிறோம். அதனால் எவ்வளவு ஊறுகிறது என்று சொல்ல இன்னும் சில கோடைகள் கயிறு போட வேண்டும்.

தக்காளி வரிசைகளுக்கு இடையே மூடாக்கும் போட ஆரம்பித்திருக்கிறேன், வைக்கோலும் காய்ந்த இலையும். ஈரம் கூடுதல் நேரம் நிற்கிறது. ஒரே சங்கடம், மூடாக்கை விலக்காமல் டிரிப்பர் சொட்டுகிறதா என்று தெரியாது. பெரியவர் அதற்கும் சொல்கிறார்: "தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க தம்பி, கைய உள்ள விடுங்க."

இந்த வருடம் நாற்றுவிடும் முன்பே கயிறு போட்டுவிட்டேன். 0.9 மீட்டர்தான் ஏறியிருக்கிறது. முப்பது வரிசையில் ஆறு வரிசையை விட்டுவிட்டு நட்டிருக்கிறோம்.